வலையைத் தொட்டால் பாயின்ட் போச்சா?

ஹைதராபாத்தில் மல்லாபூர், நாச்சாரம் பக்கம் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வாலிபால் ஆடுகிற ஏதாவது ஒரு மைதானத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தெலுங்கோ இந்தியோ தமிழோ, எந்த மொழியில் சண்டை போட்டாலும் விஷயம் ஒன்றுதான். ஒருவர் "நெட் டச்!" என்பார்; இன்னொருவர் "படவே இல்லை!" என்பார். கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் இதை நாம் நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் வலை. ஆண்கள் ஆட்டத்தில் அதன் உயரம் 2.43 மீட்டர், பெண்கள் ஆட்டத்தில் 2.24 மீட்டர். ஆடுகளத்தின் அகலம் 9 மீட்டர். வலையின் நீளமோ ஒன்பதரை முதல் 10 மீட்டர் வரை. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வலை மிச்சமாக வெளியே நிற்கும். பக்கக்கோட்டுக்கு நேர் மேலே, வலையோடு சேர்த்துக் கட்டிய சிவப்பு வெள்ளைக் குச்சிதான் ஆன்டெனா. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவில் இருக்கும் பகுதியைத்தான் நெட் டச் விதி காவல் காக்கிறது. வெளியே இருக்கும் மிச்ச வலை, கயிறு, கம்பம் இவற்றைத் தொட்டால், ஆட்டத்தைக் கெடுக்காதவரை தவறில்லை. உள்ளூர் மைதானத்தில் ஆன்டெனா இருக்காது. பக்கக்கோட்டுக்கு நேராக வலையில் ஒரு ரிப்பன் கட்டிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

இப்போது எல்லோருக்கும் இருக்கும் அந்தத் தப்பெண்ணத்துக்கு வருவோம். வலையில் உடம்பு பட்டாலே பாயின்ட் போச்சு என்று நினைக்கிறோம். விதி அப்படிச் சொல்லவில்லை. பந்தை ஆடும் செயலில் இருக்கும்போது தொட்டால்தான் தவறு. குதிக்க எழும்புவது, அடிப்பது அல்லது அடிக்க முயல்வது, தரையில் நிலையாகக் கால் ஊன்றுவது, அடுத்த வேலைக்குத் தயாராவது, இவ்வளவும் அந்தச் செயலில் சேரும். ஆகவே எதிராளியின் அடியை மறிக்க, அதாவது பிளாக் போடக் குதித்தவர் கையில் பந்தே படாவிட்டாலும், முழங்கை வலையில் உரசினால் தவறுதான். அவரே நன்றாக ஊன்றி நின்று, திரும்பித் தன் இடத்துக்கு நடக்கும்போது தோள் வலையில் பட்டால் தவறில்லை. பந்து ஒரு கோடியில் இருக்க, மறுகோடியில் சும்மா நிற்பவரின் கை பட்டாலும் அப்படியே. ஆனால் வலையைப் பிடித்து நிற்பது, அதில் சாய்ந்து சமாளிப்பது, இழுத்து எதிராளிக்கு இடைஞ்சல் செய்வது போன்றவற்றுக்கு மன்னிப்பு கிடையாது.

"மேல்பட்டையில் பட்டால் மட்டும்தானே தவறு?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் இதைக் கனவில் காணவில்லை. 2009 முதல் 2014 வரை சர்வதேச விதி கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 2015 முதல் மேல்பட்டை, நடுக்கண்ணி, அடிப்பட்டை எல்லாம் மறுபடி ஒரே கணக்கில் வந்துவிட்டன. மைதானத்தில் இரண்டு பேர் அடித்துப் பேசும்போது, பாதி நேரம் இரண்டு வெவ்வேறு வருடத்து விதிகள்தான் மோதிக்கொள்கின்றன.

அடுத்து, கை வலையைத் தாண்டுவது. பிளாக் போடுபவர் எதிர்ப்பக்கம் கையை நீட்டலாம். ஆனால் எதிராளி தாக்கி அடித்த பிறகுதான் அங்கே பந்தைத் தொடலாம். பந்தியில் சாம்பார் போதும் என்று கை நீட்டுகிறோம் அல்லவா? கரண்டி நம் இலைக்கு வரும்போது மறித்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வாளிக்குள்ளேயே கையை விட்டால் வம்பு. அதேபோல எதிரணி ஆள் தன் தோழருக்கு லிஃப்ட் போட்டு, அவர் அடிக்க எழும்பும்போதே நாம் கையை விட்டுப் பந்தைத் தட்டினால், அவர் உரிமையில் கைவைத்துவிட்டோம். நடுவரும் முதலில் பார்ப்பது எது முந்தியது, அவர் அடியா நம் கையா என்பதைத்தான்.

பிளாக்கில் பந்து பட்டது ஓர் அணிக்கு உள்ள மூன்று தொடுதல்களில் ஒன்றாகச் சேராது. அதற்குப் பிறகும் அணிக்கு முழுசாக மூன்று தொடுதல் உண்டு. பிளாக் போட்டவரே அடுத்த தொடுதலையும் எடுக்கலாம். கடற்கரை வாலிபாலில் மட்டும் பிளாக்கும் ஒன்றாக எண்ணப்படும். மெரினாவில் ஆடிப் பழகியவருக்கு இங்கே வந்ததும் குழப்பம் வருவது இதனால்தான்.

எல்லோரும் பிளாக் போட முடியாது. முன்வரிசை மூவருக்கு மட்டுமே அந்த உரிமை. பின்வரிசைக்காரர் வலைக்கு மேல் கை உயர்த்தி மறித்துப் பந்து பட்டால் தவறு. பின்வரிசைத் தற்காப்புக்கென்றே இருக்கும் லிபரோ அதற்கு முயன்றாலே தவறு. சர்வீஸையும் யாரும் பிளாக் செய்யக்கூடாது. 1984-இல் வந்த தடை அது. இரண்டு வருடம் கழித்து சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றபோது இந்த விதி நடைமுறையில் இருந்தது. அந்த அணியில் ஆடிய பி.வி.ரமணாவைப் பி.வி.சிந்துவின் அப்பா என்று சொன்னால் ஹைதராபாத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதே ஊரின் கச்சிபௌலி உள்ளரங்கில்தான் 2022 பிப்ரவரியில் பிரைம் வாலிபால் லீகின் முதல் சீசன் முழுவதும் நடந்தது. அதுபோன்ற ஆட்டத்தை அடுத்த முறை பார்க்கும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடித்த பந்து வலையில் வேகமாக மோதுகிறது. வலை புடைத்து, எதிரே பிளாக் போடக் குதித்தவர் நெஞ்சில் படுகிறது. அரங்கமே "நெட்!" என்று கத்தும். அவராகப் போய்த் தொட்டாரா, வலை வந்து அவரைத் தொட்டதா? பந்து தள்ளிய வலைதான் அவர்மேல் பட்டது என்பதால் அவர் மேல் தவறில்லை. பந்து இன்னும் அடித்த அணியின் பக்கம்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தொடுதல் மிச்சமிருந்தால், தரையில் விழுமுன் எடுத்து ஆட்டத்தைத் தொடரலாம்.