அம்மா 'குக்'கா, 'குக்கரா'?

பென்னாகரத்துல படிச்சுட்டு பெங்களூர்ல முதல் இன்டர்வியூ போனேன். "அம்மா என்ன பண்றாங்க?"ன்னு கேட்டாங்க. "மை மதர் இஸ் எ குக்கர்"னேன். எதிர்ல இருந்த மூணு பேரும் சிரிச்சாங்க. அம்மா ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிறவங்க.

சரி, என் கணக்குல என்ன தப்பு? டீச் பண்றவர் டீச்சர், டிரைவ் பண்றவர் டிரைவர். ஆசிரியர், ஓட்டுநர் மாதிரியே முடியுதா, 'அர்'னாலே ஆள்னு நம்ம காது முடிவு பண்ணிடும். ஆனா 'குக்' பழைய ஆங்கிலத்துலயே சமையல்காரரைத்தான் குறிச்சது. 'சமைக்கிறது'ங்கிற அர்த்தம் பின்னாடி வந்தது. ஆளுக்குத்தான் ஏற்கெனவே பேர் இருக்கே! அதனால 19ஆம் நூற்றாண்டுல வந்த 'குக்கர்' அடுப்புக்குப் போயிடுச்சு. இங்கிலாந்துல இன்னைக்கும் குக்கர்னா அடுப்புதான்.

ஆக, 'அர்' கருவிக்கும் வரும்: பிரின்டர், கூலர். ஊருக்கும் வரும்: லண்டன்காரர் லண்டனர். ஸ்லீப்பரைப் பாருங்க: தூங்குற ஆள், பஸ்ல படுக்கை, தண்டவாளத்துக்கு அடியில கிடக்குற கட்டை, மூணுமே அதுதான்! 'ஸ்மாலர்'ல வர்றது மட்டும் வேற விகுதி, பார்க்கத்தான் ஒண்ணு.

இன்டர்வியூவோ பயோடேட்டாவோ, அம்மாவுக்கு 'குக்'னே போடுங்க.