‘பொண்ணு கொஞ்சம் அசடு!’

ஆபீஸில் மேலதிகாரி எழுதும் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டைவிட பயங்கரமானது ஒன்று உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் கொடுக்கும் ரிப்போர்ட்! ஒரே ஒரு வரிதான். ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். இஸபெல்லாவுக்கு ஒட்டிக்கொண்ட வரி, ஐந்நூறு வருஷம் தாண்டியும் போகவில்லை.

ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ஜேம்ஸுக்கு ஆறு பெண்கள். (ராஜாவாகவே இருந்தாலும் ஆறு கல்யாணம் என்றால் அடிவயிறு கலங்காதா!) இரண்டாவது பெண்தான் இஸபெல்லா. 1426-ல் பிறந்தவள்.

1437 பிப்ரவரி. பெர்த் நகரில் ஒரு மடத்தில் ராஜா தங்கியிருந்தபோது, நள்ளிரவில் சதிகாரர்கள் புகுந்துவிட்டார்கள். தரைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு சாக்கடைக்குள் குதித்தார் ஜேம்ஸ். அதன் வழியாகவே வெளியே ஓடியிருக்கலாம். ஆனால், டென்னிஸ் பந்தெல்லாம் அதில் போய் விழுந்து தொலைகிறது என்று, சில நாள் முன்புதான் வெளிவாசலை அடைக்கச் சொல்லியிருந்தார் - அவரேதான்! மாட்டிக்கொண்டார். குத்திக் கொன்றார்கள். இஸபெல்லாவுக்கு அப்போது பத்து வயசு. புது ராஜாவான தம்பி இரண்டாம் ஜேம்ஸுக்கு ஆறு!

அப்பா இல்லாத அந்தப் பெண்ணைக் கேட்டு வந்தது பிரிட்டனி. (பிரிட்டன் இல்லை சார்! பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரதேசம்.) அதன் டியூக் ஐந்தாம் ஜான், மகன் ஃபிரான்சிஸுக்குப் பெண் பார்த்து வரத் தூதர்களை அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து கொடுத்த ரிப்போர்ட்: “பொண்ணு நல்ல லட்சணம். ஆனா, பேச்சு சரியா வரலை. கொஞ்சம் அசடு மாதிரி தெரியுது.”

டியூக் கவலையே படவில்லை. புருஷனின் சட்டை எது, மேல்கோட்டு எது என்று தெரிந்தால் போதும், ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் புத்தி எதற்கு என்று கேட்டாராம்! இல்லை, மாப்பிள்ளையே சொன்னதுதான் என்று எழுதி வைத்தார் பிரெஞ்சு அறிஞர் மாந்தேன். யார் சொன்னால் என்ன, ஜோக் ஊரெல்லாம் பரவிவிட்டது.

1442 ஆகஸ்டில் மாமனார் இறந்துபோக, மாப்பிள்ளை டியூக் ஆனார். அக்டோபர் 30-ல் கல்யாணம். (இனி மரியாதையாக ‘அவர்’! டச்சஸ் ஆகிவிட்டார் அல்லவா!) ஃபிரான்சிஸுக்கு இது இரண்டாம் தாரம். முதல் மனைவி யோலாந்தின் பிரார்த்தனைப் புத்தகம் இஸபெல்லாவுக்கு வந்து சேர்ந்தது. அதில் மண்டியிட்டிருந்த யோலாந்தின் படத்தின் மேலேயே பெயின்ட் அடித்து, இஸபெல்லா ஆக்கிவிட்டார்கள். தலையில் தங்கக் கிரீடம் எக்ஸ்ட்ரா! கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் இருக்கிறது அந்தப் புத்தகம்.

இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. வீட்டில் நிம்மதி இல்லை. ஃபிரான்சிஸ் தன் சொந்தத் தம்பி ஷீலை 1446-ல் சிறையில் போட்டார். 1450 ஏப்ரலில் காவலர்களே ஷீலைக் கொன்றார்கள். மூன்றே மாதத்தில் ஃபிரான்சிஸும் போய்ச் சேர்ந்தார். பெண் வாரிசுக்கு ஆட்சி கிடையாது என்று பட்டம் இன்னொரு தம்பி பீட்டருக்குப் போயிற்று. இஸபெல்லாவுக்கு 24 வயசுகூட நிறையவில்லை. அந்நிய மண். கையில் இரண்டு பெண் குழந்தைகள்.

ஸ்காட்லாந்திலிருந்து கூப்பிட்டார் தம்பி ஜேம்ஸ். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும்; அக்காவை வரவழைத்து வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தால் அரசியல் லாபம்! ஸ்பெயின் பக்கம் நவார் நாட்டு இளவரசருக்குக்கூடப் பேச்சு நடந்தது. பிரெஞ்சு ராஜாவுக்குப் பிடிக்காமல் நின்று போயிற்று.

போனால் என்ன ஆகும் என்று இஸபெல்லாவுக்குத் தெரியாதா? மூத்தவள் மார்கரெட், பிரெஞ்சு இளவரசரைக் கட்டிக்கொண்டு, அன்பில்லாத புருஷனிடமும் அரண்மனை வம்பர்களிடமும் சிக்கி, 1445-ல் இருபதே வயசில் செத்துப்போனாள். கடைசித் தங்கை அனபெல்லா, சவாய் பிரபுவின் மகனுக்கு நிச்சயமாகி, வருஷக்கணக்கில் அங்கேயே வளர்ந்தாள்; கடைசியில், கல்யாணம் ரத்து என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

‘பேச்சு வராத’ இஸபெல்லா இப்போது பேசினார். இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். ஜனங்கள் என் மேல் பிரியமாக இருக்கிறார்கள். தவிர, அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ய எனக்கு உடம்பு தாங்காது. வரமாட்டேன்!

அந்தத் ‘தாங்காத’ உடம்பு அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் தாங்கியது. (மெடிக்கல் லீவ் போடுபவர்கள் கவனிக்க!) கூப்பிட்ட தம்பி ஜேம்ஸ், 1460-ல் முற்றுகை ஒன்றில் தன் பீரங்கியே வெடித்துச் செத்தார். இஸபெல்லாவோ, 1455-ல் மூத்த பெண் மார்கரெட்டை அடுத்தடுத்த வாரிசான இரண்டாம் ஃபிரான்சிஸுக்குக் கட்டிக் கொடுத்தார். மூன்றே வருஷத்தில் மாப்பிள்ளை டியூக், மகள் டச்சஸ்! பெண்ணுக்கு இல்லை என்ற அரண்மனைக்குள் பெண் வேறு வாசல் வழியாக நுழைந்துவிட்டாள்.

1464-ல் ஒரு நீதிநூலைத் தனக்கென்று படங்களோடு எழுதச் செய்தார் இஸபெல்லா. சட்டைக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று சொல்லப்பட்டவரின் பேரில் இப்படிப் புத்தகங்கள்!

யோசித்துப் பாருங்கள். பாஷை புரியாத வெளிநாட்டு ஆசாமிகள் வந்து உட்கார்ந்துகொண்டு, மேலும் கீழும் பார்த்தால், அப்பாவைப் பறிகொடுத்த ஒரு டீன்ஏஜ் பெண்ணுக்குப் பேச்சு எப்படி வரும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிடப் போகிறவர்கள், அந்தப் பெண் வாய் திறக்கவில்லை என்றால், அவசரப்பட்டு ரிப்போர்ட் எழுதிவிடாதீர்கள். உங்களைப் பற்றி அவள் ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கலாம்!