சொன்னவரின் பெயரும் மொழியும்

தமிழில் நாட்டார் வழக்காறு என்றும் கன்னடத்தில் ஜானபதம் என்றும் வழங்கும் வாய்மொழி மரபில், கதை என்பது தனியொருவரின் உடைமையன்று. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ்வதாகும். அது குழந்தைகளுக்கான நூலாக அச்சேறும்போது, சொன்னவரின் மொழியும் பெயரும் கதையோடு கூடவே வருகின்றனவா, வழியில் உதிர்ந்துவிடுகின்றனவா என்பதே சிறார் நாட்டார் இலக்கியத்தின் அடிப்படைக் கேள்வி. கர்நாடக மண்ணிலும் அதன் தலைநகரான பெங்களூரிலும் நிகழ்ந்த பணிகள் இக்கேள்விக்கு முக்கியமான விடைகளைத் தருகின்றன.

முதல் விடை, மைசூரில் 1929-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1993-இல் மறைந்த ஏ.கே. ராமானுஜனுடையது. கன்னட வாய்மொழிக் கதைகளைத் திரட்டிய அவர், அவற்றை விளக்கச் சங்க இலக்கியத்தின் அகம், புறம் என்னும் பாகுபாட்டையே கையாண்டார். பாட்டிமாரும் அத்தைமாரும் வீட்டுக்குள் குழந்தைகளுக்குச் சொல்பவை அகக் கதைகள்; தொழில்முறைக் கலைஞர்கள் ஊர்ப்பொதுவில் பாடிச் சொல்பவை புறக் கதைகள். அகப்பாடலின் தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்படாதவர்களாக நிற்பதுபோலவே, பாட்டி சொல்லும் கதையிலும் ‘ஒரு ராஜா’, ‘ஓர் ஊர்’ என்பதற்கு மேல் பெயர்கள் பெரும்பாலும் வருவதில்லை.

1991-இல் வெளிவந்த அவருடைய இந்திய நாட்டார் கதைத் தொகுப்பில் இடம்பெற்ற ஒரு கன்னடக் கதை, கதைசொல்லலின் கொள்கையையே கதையாக்கியிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். ஆனால் அவற்றை அவள் எவரிடமும் சொன்னதில்லை. உள்ளேயே அடைபட்டு மூச்சுமுட்டிப்போன அவை, அவள் உறங்கும்போது வாய்வழியே வெளியேறி, கதை ஆண்களின் காலணியாகவும் பாட்டு மேலங்கியாகவும் உருமாற, அவற்றைக் கண்ட கணவன் ஐயுற்றுச் சண்டையிடுகிறான். பின்னர் கோவிலில் கூடிய விளக்குச் சுடர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு உண்மையறிந்து, அந்தக் கதையையும் பாட்டையும் பற்றி அவளிடம் கேட்கிறான். அதற்குள் அவள் இரண்டையும் மறந்துபோயிருக்கிறாள்.

இம்மறதி பழங்குடிக் குழந்தைகளுக்கு இன்னும் அருகில் காத்திருக்கிறது. ஏனெனில் வீட்டில் ஒரு மொழியைப் பேசி வளரும் குழந்தை, பள்ளியில் காணும் புத்தகங்கள் அனைத்தும் வேறு மொழியில் இருப்பதைக் கண்டு, தன் மொழி படிப்பதற்கு உரியதன்று என்று முடிவு கட்டிவிடக்கூடும். பெங்களூரில் 2004-இல் தொடங்கப்பட்ட, இலாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், ஒடிசாவின் முண்டா, குய், சவுரா, ஜுவாங் ஆகிய மொழிகளில் ‘ஆதிகஹானி’ என்னும் படக்கதை வரிசையை வெளியிட்டதன் பொருள் இங்கேதான் விளங்கும். குய், தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏனைய மூன்றும் ஆஸ்திரோ-ஆசிய மொழிகள். அம்மொழிகளைப் பேசும் சமூகத்தினரே இக்கதைகளை எழுதினர் என்பதே இவ்வரிசையின் தனிச்சிறப்பு.

அதே பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணைய நூலகம், திறந்த உரிமத்தின்கீழ், அதாவது ஆக்கியோரின் பெயரைக் குறிப்பிட்டு எவரும் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் இசைவளிக்கும் முறையில், கதைகளை வெளியிடுகிறது. இதனால் சிறு மொழிகளுக்கும் நூல்கள் எளிதில் கிடைக்கின்றன. எனினும் உரிமம் காப்பது எழுதியவரின் பெயரை மட்டுமே. வாய்மொழிக் கதையைத் தலைமுறைகளாகக் காத்த சமூகத்தின் பெயரை மொழிதோறும் தாங்கிச் செல்வது, பதிப்பிப்போர் மனமுவந்து ஏற்க வேண்டிய கடமையாகும்.

அக்கடமை நிறைவேறியதற்கு அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் நூலொன்று சான்று. 1830-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் மிசிசிப்பித் தாயகத்திலிருந்து பெரும்பாலோர் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்ட அம்மக்களுள் ஒருவரான டிம் டிங்கிள், தம் சமூகத்து மூத்தவரிடம் கேட்ட கதையை 2006-இல் ‘கிராசிங் பாக் சிட்டோ’ என்னும் படநூலாக்கினார். அடிமைப்பட்ட கறுப்பினக் குடும்பம் ஒன்று ஆற்றைக் கடந்து விடுதலை பெற ஒரு சாக்டாச் சிறுமி வழிகாட்டும் அந்நூல், ஆற்றின் சாக்டாப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது.

ஒடிசாவின் குழந்தையும் ஓக்லஹோமாவின் குழந்தையும் நூலைத் திறக்கையில் தம் வீட்டுச் சொல்லை முதலில் காண வேண்டும். கன்னடக் கதையின் கணவன் கேட்ட கேள்வி சரியானதுதான். ஆனால் காலம் கடந்து கேட்டான். சொல்லத் தெரிந்தோர் நினைவோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்பதே சிறார் நூலின் முதல் பணி.