அமினோ அமிலங்களின் ஈரியல்பும் அதன் பெயரீடும்

பொருளின் இயல்பை முற்றும் உணராது கலைச்சொல் ஆக்கின், அச்சொல் கற்போரை மயக்கும். அமினோ அமிலங்களைப் பற்றிய சொற்கள் இதற்குத் தக்க சான்றாவன.

பெயர் 'அமிலம்' எனினும், இவற்றின் மூலக்கூற்றில் அமிலப் பகுதியாகிய கார்பாக்சில் தொகுதியும் காரப் பகுதியாகிய அமினோ தொகுதியும் ஒருங்கே உள. அமிலம் சேர்ப்பின் அமினோ தொகுதி புரோட்டானை ஏற்கும் என்றும், காரம் சேர்ப்பின் கார்பாக்சில் தொகுதி அதனை இழக்கும் என்றும் கொள்வது பார்வைக்குப் பொருத்தமாகவே தோன்றும். உண்மை இதற்கு மறுதலை. டேனிய வேதியியலறிஞர் நீல்ஸ் பியெரம் 1923-இல் இதனைத் தெளிவுறுத்தினார். நடுநிலைக் கரைசலில், வெளியிலிருந்து யாதொன்றும் சேர்க்குமுன்னரே, கார்பாக்சில் தொகுதி புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றமும், அமினோ தொகுதி புரோட்டானைப் பெற்று நேர்மின்னேற்றமும் உடையனவாய் நிற்கின்றன. ஆகவே, அமிலம் சேர்க்குங்கால் புரோட்டானை ஏற்பது கார்பாக்சில் தொகுதியே. காரம் சேர்க்குங்கால் அதனை ஈவது அமினோ தொகுதியே. அமிலப் பகுதி காரத்தின் தொழிலையும், காரப் பகுதி அமிலத்தின் தொழிலையும் செய்கின்றன!

கிளைசினை நோக்குவோம். கரைசலின் பி.எச். அளவு 2.34 ஆகுங்கால் அதன் மூலக்கூறுகளிற் பாதி நேர்மின் அயனிகளாகவும், ஏனைய பாதி இருமின்னேற்றமும் உடையனவாகவும் இருக்கும். 9.60-இல் பாதி எதிர்மின் அயனிகளாகிவிடும். இவ்விரண்டின் நடுவண், 5.97-இல், நிகர மின்னேற்றம் சுழி. மின்புலத்தில் அஃது எம்மருங்கும் பெயராது. அமிலம் மிகின் எதிர்மின்வாய் நோக்கியும், காரம் மிகின் நேர்மின்வாய் நோக்கியும் செல்லும். அசெட்டிக் அமிலம் 16.6 பாகை செல்சியசில் உருகிவிட, கிளைசின் 200 பாகை கடந்தும் திண்மமாகவே நிற்பது இம்மின்னேற்றங்களின் கவர்ச்சியாலேயே.

பால் தயிராவதும் இத்தன்மைத்தே. புரதத்தில் அமினோ அமிலங்கள் பிணைந்துவிடினும், பக்கக் கிளைகளில் மின்னேற்றம் கொள்ளும் தொகுதிகள் எஞ்சும். பாலின் பி.எச். ஏறத்தாழ 6.6, அந்நிலையில் கேசீன் துகள்கள் எதிர்மின்னேற்றமுற்று ஒன்றையொன்று விலக்கும். உறையிட்டபின் விளையும் லாக்டிக் அமிலம் அதனை 4.6-க்குக் கொணருங்கால், நிகர மின்னேற்றம் நீங்கி அவை கூடித் திரளும்.

இனிப் பெயருக்கு வருவோம். 'ஈரியல்பு' என்பது அமிலம், காரம் இரண்டோடும் வினைபுரியும் செயலையே குறிக்கும். துத்தநாக ஆக்சைடும் ஈரியல்பினதே; ஆயின் ஒரே மூலக்கூற்றில் இருமின்னேற்றமும் அமையும் நிலை ஆண்டில்லை. அந்நிலைக்குத் தனிச்சொல் வேண்டும். ஜெர்மானியச் சொல்லை ஒட்டிய 'சுவிட்டர் அயனி' தமிழ் மாணாக்கர்க்குப் பொருள் புலப்படுத்தாது. 'இருமுனை அயனி' நன்றெனினும், முழு மின்னேற்றமில்லா நீர் மூலக்கூற்றையும் இயற்பியலார் இருமுனையுடையதென்றே வழங்குவர். ஆகலின் 'இருமின் அயனி' என்பதையே யாம் விழைகின்றோம். நிகர மின்னேற்றம் இல்லாததனை அயனி எனல் தகுமோ எனின், அக்குறை ஜெர்மானியச் சொல்லிற்கும் உண்டு.