என்ஜினில் எண்ணெய்க் கசிவா? சீலை வீட்டிலேயே மாற்றலாம்

சிறிய பம்பு செட் என்ஜினில் புல்லிக்குப் பின்னால் எண்ணெய் கசிந்தால் ஆயில் சீல் தேய்ந்திருக்கக்கூடும். சொட்டுச் சொட்டாகத்தானே என்று விட்டுவிடக் கூடாது. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும், தண்ணீர் குறையும். எண்ணெய் மட்டம் இறங்கிவிட்டால் பேரிங் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவைப் பார்த்தால் சீலின் விலை ஒன்றுமேயில்லை.

சீலில் கை வைக்கும் முன் பிரீதரைப் பாருங்கள். என்ஜினுக்குள் சேரும் காற்றும் புகையும் வெளியேறும் வழி அது. அழுக்கு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைத் தள்ளும். புதுச் சீலும் கசியும். பலர் ஏமாறுவது இங்கேதான். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதி.

எண்ணெயை வடித்துவிட்டு, புல்லியைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும், சுத்தியல் கூடாது. பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக் கூடாது. சீலின் மேல் பெரும்பாலும் 35-52-7 என்பதுபோல் எண்கள் இருக்கும். உள் விட்டம், வெளி விட்டம், கனம் ஆகியவை மில்லிமீட்டரில். கடையில் அதைக் காட்டினால் போதும்.

புதுச் சீலில் ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் நிற்காது. உள்விளிம்பில் எண்ணெய் தடவுங்கள். ஷாஃப்ட்டின் சாவியை எடுத்துவிட்டு, பள்ளத்தின் மேல் டேப் சுற்றினால் ரப்பர் கிழியாது. மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டவும்.

ஷாஃப்ட்டில் நகம் இடறும்படி தடம் விழுந்திருந்தால், இடமிருக்கும் பட்சத்தில் சீலை 1 அல்லது 2 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிறுத்தலாம். தடம் ஆழமானால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.