ஆளில்லா வானம் – 9: விமானி இல்லாதது ஒரு சாக்கா?

வியட்நாம் போரில் வேவு பார்க்கப் பறந்த ‘ஃபயர்பீ’ விமானங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். பயிற்சியில் சுட்டு வீழ்த்துவதற்கான இலக்காகப் பிறந்தவை அவை. உள்ளே ஆளில்லை, விழுந்தால் விழட்டும் என்ற எண்ணம் அந்தப் பிறப்போடு ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய பொறியாளர் ஏப்ரகாம் கரேம்.

1937-ல் பாக்தாதில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1951-ல் குடும்பம் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே மாதிரி விமானப் பித்து பிடித்துக்கொண்டது. அதிலும் ரேடியோ கட்டுப்பாடு இல்லாமல் தானாகவே பறக்கும் வகைதான் அவருக்கு உயிர். கையை விட்டுக் கிளம்பிய பிறகு அதைத் திருத்த யாராலும் முடியாது. இறக்கையின் வளைவும் எடையின் சமநிலையும் சரியாக அமைந்தால்தான் நிலைத்துப் பறக்கும். கூடுதல் நேரம் பறப்பதுதான் வெற்றி. பின்னாளில் அவர் வடிவமைத்த எல்லாவற்றிலும் இந்தப் பாடம் தெரியும்.

ஹைஃபாவில் உள்ள டெக்னியானில் விமானப் பொறியியல் படித்தார். இஸ்ரேலிய விமானப்படையிலும் அந்நாட்டு விமானத் தொழிற்சாலையிலும் பணியாற்றிவிட்டு, 1977-ல் அமெரிக்கா போனார்.

அங்கே அமெரிக்க ராணுவம் ‘அக்விலா’ என்ற ஆளில்லா விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதை ஏவ 30 பேர் வேண்டியிருந்தது என்றும், சராசரியாக 20 மணி நேரப் பறத்தலுக்கு ஒன்று விழுந்து நொறுங்கியது என்றும் கரேம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆள் ஏறும் விமானம் இப்படி விழுந்தால் யாராவது பொறுத்துக்கொள்வார்களா? பிறகு ஏன் இதை மட்டும் பொறுக்க வேண்டும்? இதுதான் அவருடைய கேள்வி.

லாஸ் ஏஞ்சலிஸ் புறநகரில் தன் வீட்டு கார் ஷெட்டில் ‘லீடிங் சிஸ்டம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டொரு உதவியாளர்களோடு ‘ஆல்பட்ராஸ்’ விமானத்தைக் கட்டினார். அது பறந்த விதத்தைப் பார்த்து, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா பணம் கொடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘ஆம்பர்’. 1986-ல் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் ஒரே மூச்சில் 38 மணி நேரத்துக்கும் மேல் வானில் இருந்து காட்டியது.

இது எப்படிச் சாத்தியமானது? இறக்கை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்ததால் காற்றின் இழுவிசை குறைந்தது. சிறிய இன்ஜினே போதுமானதாக இருந்தது. உந்துவிசிறியைப் பின்பக்கம் வைத்தார். வால் இறகுகள் இரண்டையும் தலைகீழ் ‘வி’ போலக் கீழ்நோக்கி விரித்தார். இறங்கும்போது மூக்கு அதிகமாகத் தூக்கிக்கொண்டால், தரையில் முதலில் உரசுவது வால் நுனிதான், விசிறி தப்பித்துக்கொள்ளும். தவறு நடக்கும் என்று முன்கூட்டியே எண்ணி, அதைத் தாங்கும்படி வடிவமைப்பதுதான் நல்ல பொறியியல்.

ஆனால் நல்ல விமானம் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் படைப்பிரிவுகளின் தனித்தனி ஆளில்லா விமானத் திட்டங்களை ஒரே அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்தது; ஆம்பர் கைவிடப்பட்டது. ஏற்றுமதிக்காக உருவாக்கிய எளிய வடிவமான ‘நேட் 750’-க்கும் வாங்குவோர் அமையவில்லை. 1990-ல் நிறுவனம் நொடித்தது. அதன் சொத்துகள் ஹியூஸ் நிறுவனம் வழியாக சான்டியாகோவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் கைக்குப் போயின. கரேமும் சில காலம் அங்கே வேலை செய்தார்.

அதன் பிறகுதான் காலம் கனிந்தது. போஸ்னியப் போரின்போது நேட் 750-ஐ சி.ஐ.ஏ. வேவு பார்க்கப் பயன்படுத்தியது. அதைப் பெரிதாக்கி, செயற்கைக்கோள் தொடர்பைச் சேர்த்தபோது உருவானது ‘பிரிடேட்டர்’. 1994-ல் முதன்முதலாகப் பறந்தது. அதற்குள் கரேம் வேறு வேலையில் இறங்கியிருந்தார். சுழலியின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றி எரிபொருளை மிச்சப்படுத்தும் ஹெலிகாப்டர் அது. அவர் வடிவமைத்த ஆளில்லா ‘ஏ160’, 2008-ல், அப்போது போயிங்கின் கையில், எரிபொருள் நிரப்பாமல் 18 மணி நேரத்துக்கும் மேல் பறந்தது.

பிரிடேட்டரில் ஏவுகணை பொருத்தியது தான் இல்லை என்று கரேம் சொல்லியிருக்கிறார். அது உண்மை. ஆனால் நாள் கணக்கில் நம்பி வானில் நிறுத்தக்கூடிய விமானம் இல்லாமல் ஏவுகணையை மாட்ட இடமே இருந்திருக்காது. அவருடைய சாதனையை மதிக்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். ஒரு கருவியை நம்பகமானதாக்குவது பொறியாளரின் கடமை. அதை எதற்கு நம்புவது என்பது சமூகம் முடிவு செய்ய வேண்டியது. 2001-ல் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(பறப்போம்)