மீன் தொட்டியும் கீழ்த் தொட்டியும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கப் புகும் நேயர்கள் பலர், நீரைத் தூய்மையாக வைக்கக் கீழே 'சம்ப்' என்னும் இரண்டாம் தொட்டியையும் அமைக்க விரும்புகின்றனர். மேல் தொட்டியின் வழிவாயில் வழியும் நீர் குழாயில் இறங்கி, பஞ்சிலும் வடிகற்களிலும் தெளிந்து, பம்பினால் மீண்டும் மேலேறுகிறது. ஏற்பாடு எளியதே.

ஆயின் மின்சாரம் நின்றால்? நம் நாட்டில் இது வீண் கவலையன்று. பம்பு ஓய்ந்ததும், வழிவாய்க்கு மேல் நிற்கும் நீர் முழுவதும் கீழே இறங்கும். தொட்டி 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உடையதாயின், 2 சென்டிமீட்டர் உயர நீரே ஏறத்தாழ 11 லிட்டர். நீரேற்றும் குழாய் இதனினும் பொல்லாதது. அதன் வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்ந்திருப்பின், நீர் அதன் வழியே பின்னோக்கி இழுக்கப்படும். 54 லிட்டர் வரை இறங்கிவிடும். கீழே இடமில்லையேல் கூடம் குளமாகும்; மீன்களுக்கும் நீர் குறையும். நீர்மட்டத்திற்குச் சற்றே கீழே அக்குழாயில் ஒரு சிறு துளையிட்டால், காற்றுப் புகுந்து இவ்வோட்டம் அறுபடும். துளையைப் பாசி அடைத்துவிடாமல் அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

மீன் விடுமுன்பே பம்பை நிறுத்திப் பார்த்துவிடுவது நன்று. கீழ்த் தொட்டி நிரம்பி வழியுமாயின், அதன் நீரைக் குறைத்து மறுபடியும் சோதிக்கலாம். சோதனை தேறியபின், பம்பு ஓடும்போது கீழே நிற்கும் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்தால், பிறகு அதற்கு மேல் நீர் ஊற்ற நேராது.

நாளையே மீன் விடலாம் எனக் கடைக்காரர் கூறக்கூடும். அவருக்கு விற்பனை முக்கியம். மீன் கழிவில் தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகற்களில் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை, குளோரின் நீக்கிய நீரில் நாள்தோறும் சிறிது மீனுணவை இட்டு, பம்பை ஓடவிட்டு வரலாம். உணவு அழுகித் தரும் அம்மோனியாவே அந்நுண்ணுயிர்களுக்கு இரை.